இரண்டு கிலோ எடைக்காக



மதரஸாவில் பாடம் நடத்துபவர் மோட்டார் சைக்கிள் பேட்டரியைப் பற்றி எழுதுவது வாசகர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். எமது குடும்பத்தில் ஓர் இரவு நிகழவிருந்த பெருந்துன்பத்தை அல்லாஹ் தன் கிருபையால் தடுத்தான். அந்த ஆபத்து வீட்டுக்குள் வந்ததில் எமது கவனக்குறைவுக்கும் பங்கிருந்தது. நம் பிள்ளைகளில் பலர் இன்று வண்டியின் மீது பெரும் ஆசை கொண்டவர்கள். அவர்கள் கேட்கும் பொருளுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோரும் மாமன்மாரும் நம்மிடையே ஏராளம். எவருக்கேனும் பயன்படட்டும் என்பதால், நடந்ததை மறைக்காமல் எழுதுகிறோம்.

எமது தங்கையின் மகன் அரியலூரில் வசிக்கிறான். சிறுவயதில் எம்மிடமே குர்ஆன் ஓதக் கற்றவன். பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்துவிட்டு, சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். தன் சம்பாத்தியத்தில் 390 சிசி வண்டி ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினான். ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடத்தில், புதியவர்களுக்கான பயிற்சியில் சேர்ந்து வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை.

தங்கை முதலில் அஞ்சினாள். "அண்ணே, நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று எம்மிடம் அனுப்பினாள். நாம் அவனைத் தடுக்கவில்லை. பந்தயம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகம் சுளிக்க மார்க்கம் எமக்குக் கற்பிக்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். அவனுக்கு நாம் இரண்டு நிபந்தனைகளை மட்டும் விதித்தோம். பெரம்பலூர் வழியாகச் செல்லும் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலோ, சிமெண்ட் லாரிகள் ஓயாமல் ஓடும் அரியலூர்ச் சாலையிலோ எவருடனும் போட்டியிடக் கூடாது. அதற்கென அமைந்த தடத்தில் மட்டுமே ஓட்ட வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, வென்றவர் அள்ளிக்கொள்ளும் பந்தயம் சூது. அதன் பக்கமே செல்லக் கூடாது. இரண்டுக்கும் அவன் சம்மதித்தான்.

சில வாரங்கள் கழித்து எம்மிடம் வந்து, "மாமா, வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும். ஈயப் பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி போட்டால் இரண்டு கிலோ குறையும். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும்" என்றான். அன்று மதரஸாவில் தேர்வு நடந்துகொண்டிருந்தது. விடைத்தாள்களுக்கு நடுவே அமர்ந்திருந்த நாம், எந்தப் பேட்டரி, யாரிடம் வாங்குகிறாய், எதைக் கொண்டு சார்ஜ் செய்வாய் என ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அழகிய கடனாகப் பணத்தைக் கொடுத்து, "பார்த்து வாங்கிக்கொள்" என்று அனுப்பிவிட்டோம். அந்த ஒரு சொல்லோடு எமது பொறுப்பு முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

வாங்கியதிலிருந்து பத்தாம் நாள் இரவு. வண்டி சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை என்று பேட்டரியைக் கழற்றி, வீட்டுக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறான். அவர்களிடம் இருந்தது பழைய ஈயப் பேட்டரிக்கான சார்ஜர். பேட்டரி வைக்கப்பட்ட இடத்திலிருந்து நான்கடி தொலைவில் அவனுடைய தம்பியும் தங்கையும் உறங்கிக்கொண்டிருந்தனர். தஹஜ்ஜுத் தொழுகைக்காக எழுந்த எமது தங்கைக்கு, நெயில் பாலிஷ் போன்ற ஒரு காரமான வாடை மூக்கில் ஏறியிருக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால், பேட்டரியின் பக்கங்கள் உப்பி, மேல்மூடி பிளந்து நின்றது. அவள் முதலில் சுவிட்சை அணைத்தாள். பிள்ளைகளை எழுப்பி வெளியேற்றினாள். பிறகு அதைத் துடைப்பத்தால் ஒரு தகரத் தட்டில் தள்ளி, முற்றத்து மணலில் கொண்டுபோய் வைத்தாள்.

சுப்ஹுக்குப் பிறகு அலைபேசியில் இதை அவள் சொன்னபோது, எம்மைக் குறை கூறி ஒரு சொல்லும் பேசவில்லை. "அல்லாஹ் காப்பாற்றினான்" என்று மட்டுமே சொன்னாள். குறை கூறியிருந்தால் எமக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். அவள் அன்று விழித்திராவிட்டால் என்ற எண்ணம் பல நாள் எம்மை விட்டு நீங்கவில்லை. அந்தப் பொருள் அவ்வீட்டுக்குள் நுழைந்தது எமது பணத்தால். பொறுப்பாளர் ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறோம். அந்தப் பாடம் அன்று எமக்கே நடத்தப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையில், அவனையும் வண்டியையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூரில் எமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் சென்றோம். முப்பது ஆண்டுகளாக வண்டிகளோடு வாழ்பவர். உப்பிய பேட்டரியின் படத்தை அலைபேசியில் பார்த்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, இது என்ன வகை லித்தியம் என்று மேலே எங்கேனும் எழுதியிருந்ததா?" எழுதியிருக்கவில்லை. தயாரித்தவர் பெயரும் இல்லை, உத்தரவாத அட்டையும் இல்லை. விலை குறைவு என்பது ஒன்றே அதன் தகுதி.

அன்று அவரிடமிருந்தும், பின்னர் மருமகனும் நாமுமாகத் தேடிப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே சுருக்கமாகத் தருகிறோம்.

நமது வண்டிகளில் இருக்கும் ஈய–அமிலப் பேட்டரியை 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். ஈயம் கனமான உலோகம். எனவே அப்பேட்டரியும் கனம். ஒரு கிலோ ஈயப் பேட்டரியில் ஏறத்தாழ 30 முதல் 40 வாட்-மணி ஆற்றல் அடங்கும். லித்தியம் வகைகளில் அதே ஒரு கிலோவில் அதைப்போல் மும்மடங்கு அல்லது அதற்கும் மேல் அடங்கும். எடை குறைவதன் இரகசியம் இதுவே.

ஆனால் லித்தியம் என்பது ஒரே பொருளன்று. கைப்பேசிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலும் கோபால்ட் கலந்த வகை இருக்கிறது. அது அளவுக்கு மீறிச் சூடேறினால் தன்னுள்ளிருந்தே ஆக்சிஜனை வெளியிடும். நெருப்புக்கு வெளிக்காற்று தேவைப்படாது. மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்யப் பொருத்தமானதாகக் கருதப்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் வகை. இதில் ஆக்சிஜன் பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் பிரியாது. ஆபத்து மிகக் குறைவு. எனினும் அளவுக்கு மீறி மின்னேற்றினால் இதுவும் உப்பும், கெடும். இவ்வகையை 1997இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் உலகுக்கு அறிமுகம் செய்தனர். லித்தியம் பேட்டரி ஆய்வுக்காக 2019இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இப்பேட்டரிகளின் மறுமுனையில் இருப்பது கிராஃபைட். அதனுள் லித்தியம் சென்று மீளும் என்பதை 1980இல் காட்டியவர், மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்த ரஷீத் யஸமி. இதை அறிந்தபோது மருமகனின் முகம் மலர்ந்தது. நம் பக்கத்திலேயே காரைக்குடியில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிறது என்பதையும், அங்கே இதே துறையில் ஆய்வு நடைபெறுகிறது என்பதையும் எடுத்துச் சொன்னோம். கல்வியைத் தேடி வெகுதூரம் போகவேண்டிய நிலையில் நம் பிள்ளைகள் இல்லை.

அடுத்து, மெக்கானிக் அண்ணன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து வந்தார். பழைய ஈயப் பேட்டரியையே மீண்டும் பொருத்தி, வண்டியை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு பேட்டரி முனைகளில் அளந்தார். 15.4 வோல்ட் காட்டியது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் நான்கு செல்கள் தொடராக இருக்கும், அதற்கு 14.6 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. வண்டியின் ரெகுலேட்டர் பழுதாகி அளவுக்கு மீறி மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஈயப் பேட்டரி நீண்ட காலம் மெல்ல மெல்லச் சாகும். லித்தியம் அந்த அளவுக்குப் பொறுக்காது. "பேட்டரி கெட்டது ஒரு நாளில் அன்று, பத்து நாளும் கெட்டுக்கொண்டே இருந்திருக்கிறது" என்றார். அத்துடன் சார்ஜர் வேறு. ஈயப் பேட்டரிக்கான சில சார்ஜர்களில், தகட்டில் படிந்த சல்பேட்டைக் கரைக்க உயர்ந்த வோல்ட்டில் துடிப்புகளை அனுப்பும் முறை உண்டு. லித்தியத்துக்கு அது தீங்கு. செல்களைச் சமன் செய்து, அளவு மீறினால் துண்டித்துவிடும் காவல் சுற்று ஒன்று தரமான பேட்டரிகளில் இருக்கும். மருமகன் வாங்கியதில் அதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாக, மேலுறையில் அச்சிடும் எண். லித்தியம் பேட்டரி சிலவற்றில் "8 ஆம்பியர்-மணிக்குச் சமம்" என்று போட்டிருப்பார்கள். அத்தகைய பேட்டரியின் உண்மையான கொள்ளளவு இரண்டரை அல்லது மூன்று ஆம்பியர்-மணியாகவே இருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் திறனில் அது 8 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிக்கு ஈடு. சேமித்து வைக்கும் அளவில் அன்று. வாட்-மணி என்ற எண்ணைப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் இருப்பது 96 வாட்-மணி. அதற்குச் "சமமான" லித்தியத்தில் 32 வாட்-மணிதான் இருக்கும். என்ஜினை அணைத்துவிட்டு விளக்கை எரியவிட்டால் அது மும்மடங்கு விரைவாகத் தீர்ந்துவிடும். திருட்டு எச்சரிக்கைக் கருவி பொருத்திய வண்டியைப் பல வாரம் நிறுத்தி வைத்தாலும் அவ்வாறே. அடிவரை வடிந்துவிட்ட லித்தியம் பேட்டரி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

அளவையில் குறைவு செய்வோரை எச்சரித்து ஒரு தனி அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது. விற்பவர் எண்ணைத் தெளிவாகச் சொல்வது அவர் கடமை. வாங்குபவர் அதைக் கேட்டுப் பார்ப்பது நம் கடமை.

இவை எல்லாம் முடிந்தபின் மெக்கானிக் அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். "வண்டி எடை ஏறத்தாழ 165 கிலோ. தம்பி, நீ எவ்வளவு?" அவன் சற்றுத் தயங்கி, "85" என்றான். ஆக மொத்தம் 250 கிலோ. அதில் இரண்டு கிலோ என்பது 125இல் ஒரு பங்கு. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. "இந்த இரண்டு கிலோவும் வீண் என்று சொல்லமாட்டேன். பேட்டரி இருப்பது சீட்டுக்கு அடியில், உயரத்தில். அங்கே எடை குறைந்தால் வளைவில் வண்டியைச் சாய்ப்பது கொஞ்சம் இலகு. ஆனால் நீ எட்டுக் கிலோ குறைத்தால் அது நான்கு பேட்டரிக்குச் சமம். அதற்குக் காசும் வேண்டாம்" என்று சிரித்தார்.

அந்தச் சொல் எமக்கு ஒரு பாடத்தை நினைவூட்டியது. மேலே நாம் குறிப்பிட்ட மதீனத்துப் பந்தயத்தில் குதிரைகள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தன. "தள்மீர்" செய்யப்பட்ட குதிரைகள் ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. அது ஐந்து அல்லது ஆறு மைல் தொலைவு என அறிவிப்பாளர் ஸுஃப்யான் கூறுகிறார். தள்மீர் செய்யப்படாதவை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் தொலைவே ஓடின. தள்மீர் என்பது குதிரையை மெலியச் செய்து உறுதியாக்கும் பயிற்சி. முதலில் நன்கு தீனி கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி ஓர் அறையில் வியர்க்க விடுவார்கள். வீண் சதை கரைந்து, வலிமை மட்டும் எஞ்சும். பயிற்சி பெற்றதற்கு நீண்ட தொலைவு, பெறாததற்குக் குறுகிய தொலைவு என்று தாங்கும் அளவறிந்து தடம் அமைத்தார்கள் நபி (ஸல்) அவர்கள்.

இதனைப் பல முறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறோம். எடையைக் குறைப்பது வேறு, பலத்தைக் குறைப்பது வேறு என்பது அன்று அந்தப் பட்டறையில் நின்றபோதுதான் எம் உள்ளத்தில் இறங்கியது. மருமகன் வாங்கிய பேட்டரியில் எடை குறைந்தது உண்மை. அதோடு காவலும் குறைந்திருந்தது. ஈயத்தை மட்டும் நீக்கியிருக்க வேண்டிய இடத்தில் பாதுகாப்பையும் நீக்கி, அதையே மலிவு என்று விற்றிருக்கிறார்கள். நாமும் அவ்வாறே செய்தோம். கேள்வி கேட்கும் சிரமத்தைக் குறைத்து, எமது வேலையை இலகுவாக்கிக்கொண்டோம்.

திரும்பும் வழியில் அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, உங்கள் கடனைத் திருப்பித் தரும்வரை புதிய பேட்டரி வாங்கமாட்டேன்" என்றான். அந்தக் கடனை நாம் மன்னித்துவிட்டதாகச் சொன்னோம். அவன் ஏற்கவில்லை. மாதம் ஐந்நூறாகத் திருப்பித் தந்தான். நாமும் மறுக்காமல் வாங்கிக்கொண்டோம். கடனைத் தீர்ப்பதில் உள்ள கண்ணியத்தை அவனிடமிருந்து பறிக்க எமக்கு மனமில்லை.

அந்த ஒன்பது மாதங்களில் அவன் செய்தவற்றை வரிசையாகச் சொன்னால், இளைஞர்களுக்கு அதுவே வழிகாட்டியாக அமையும். முதலில் ரெகுலேட்டரை மாற்றினான். அதன் பின் எவ்வளவு முறுக்கினாலும் 14.3 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. வண்டி தயாரிப்பாளரின் கையேட்டில் எந்த அளவுப் பேட்டரி, ஸ்டார்ட் செய்ய எத்தனை ஆம்பியர் வேண்டும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டான். பேட்டரியை மாற்றினால் உத்தரவாதம் பாதிக்குமா என்பதையும் விசாரித்தான். பிறகு, லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்று வெளிப்படையாக எழுதி, வாட்-மணி குறிப்பிட்டு, காவல் சுற்றும் உத்தரவாதமும் உள்ள ஒன்றை, கடைக்காரர் முகம் பார்த்து ரசீதோடு வாங்கினான். விலை முன்னதைப் போல் இரண்டரை மடங்கு. அதற்குரிய சார்ஜரையும் சேர்த்தே வாங்கினான். சார்ஜ் போடுவது இனி முற்றத்துச் சிமெண்ட் தரையில், பகலில், ஆள் விழித்திருக்கும்போது மட்டுமே. இது அவன் அம்மா விதித்த சட்டம். உப்பிய பழைய பேட்டரியைக் குப்பையில் வீசாமல், மணல் நிரப்பிய வாளியில் வைத்திருந்து, கழிவுப் பேட்டரிகளைச் சேகரிப்பவரிடம் ஒப்படைத்தான். பயன்படுத்திய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன என்பதை அவனே எமக்குச் சொன்னான்.

இதற்கிடையில் அவனுடைய எடை 78 கிலோவுக்கு வந்திருந்தது. பரோட்டாவை விட்டான், திங்கள், வியாழன் நோன்பு நோற்றான். நோன்பின் நோக்கம் உடல் எடை அன்று என்று நாம் சொன்னபோது, "தெரியும் மாமா, நிய்யத்தைச் சரியாகத்தான் வைத்திருக்கிறேன்" என்றான்.

இருங்காட்டுக்கோட்டைப் பயிற்சிக்கு அவன் சென்ற அன்று நாமும் உடன் சென்றோம். தலைக்கவசமும் தோலாடையும் அணிந்து நின்ற அவனை அடையாளம் காண எமக்குச் சற்று நேரம் ஆயிற்று. அன்று அவன் எவரையும் முந்திச் சென்று புகழ் பெறவில்லை. நடுவில் எங்கோ ஓரிடத்தில் ஓட்டி முடித்து, வியர்வையோடு வந்து நின்றான். வண்டியை அணைத்து மீண்டும் சுவிட்சை அழுத்தினான். ஒரே அழுத்தத்தில் உயிர் பெற்றது. உடனே வீட்டுக்கு அலைபேசியில் அழைத்து, "அம்மா, நல்லபடியாக முடிந்தது" என்றான். மறுமுனையில் தங்கை அழுதது எமக்குக் கேட்டது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை அன்றாடம் கடைக்கும் கல்லூரிக்கும் செல்பவனாயின், வண்டியோடு வந்த ஈயப் பேட்டரியே போதும். அது மலிவானது, எங்கும் கிடைப்பது, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்வது. தேவையின்றி மாற்றுவது வீண்விரயமாகும். அவனுக்கு உண்மையான ஆர்வமும் அதற்குரிய இடமும் இருந்தால், ஆசையைக் கண்டு அஞ்சித் தடுக்காதீர்கள். பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கியும் விடாதீர்கள். என்ன வகை, எவ்வளவு வோல்ட், எந்தச் சார்ஜர், இரவில் அதை எங்கே வைப்பாய் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால், அவனோடு சேர்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். நாம் நாற்பது வயதைக் கடந்தபின் ஒரு பட்டறையில் நின்று மல்டிமீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டோம். அதில் எமக்கு வெட்கம் இல்லை. முன்பே கேட்காமல் போனதில்தான் வெட்கம்.

நம் பிள்ளைகளையும் அவர்கள் உறங்கும் வீடுகளையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களைப் பற்றிக் கேட்டறியும் அக்கறையை நமக்குத் தருவானாக! ஆமீன்.